வீட்டில் தீப்பிடித்தால் நாய், பூனை, மாட்டை எப்படிக் காப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் நாயும் பூனையும், கொல்லையில் ஆடும் மாடும் கோழியும் வளர்ப்பவர்கள் தீ விபத்து பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நம் ஊர் வீடுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்: கேஸ் அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவர்த்தி, கிரில் கேட், கீற்றுக் கொட்டகை இதெல்லாம் உள்ள வீடுகள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சங்கிலியில் கட்டிய நாயும், பூட்டிய கூண்டில் இருக்கும் முயலும், தறியில் கட்டிய மாடும் தாமாகத் தப்பிக்க வழியே கிடையாது. தீ வராமல் பார்த்துக்கொள்வதற்கு அடுத்தபடியாக நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கட்டையும் பூட்டையும்தான்.

நெருப்பைக் கண்டால் பிராணிகள் தாமாகவே ஓடிவிடாதா?

வெட்டவெளியில் ஓடிவிடும். நான்கு சுவருக்குள் அப்படி இல்லை. பயந்துபோன பூனை ஓடாது, ஒளிந்துகொள்ளும். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில், பரணில் அடுக்கிய பாத்திரங்களுக்கு நடுவில் என்று நாம் கூப்பிட்டாலும் வராத இடமாகப் பார்த்துப் போய்ப் பதுங்கும். நாய் பெரும்பாலும் தான் வழக்கமாகப் படுக்கும் இடத்துக்கோ, வீட்டு மனிதர்கள் இருக்கும் அறைக்கோ போகும். அந்த அறைதான் எரிகிறது என்றாலும் போகும்.

இன்னொன்று, உயிரைக் குடிப்பது பெரும்பாலும் தழல் அல்ல, புகை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகச் சேர்ந்துகொள்ளும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயங்கி விழுந்த பிறகுதான் தீயே அங்கு வந்து சேர்கிறது. புகை முதலில் மேலே கூடுவதால் தரையோடு இருக்கும் நாய்க்குக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் சோபாவும் மெத்தையும் எரியும் அறையில் அந்த நேரம் மிகக் குறைவு.

எங்கள் நாயைச் சங்கிலியில்தான் கட்டி வைக்கிறோம். அவிழ்த்து விட முடியாது. என்ன செய்யலாம்?

முதலில், எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பல வீடுகளில் போர்டிகோவிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஜன்னல் கம்பியில் கட்டுகிறார்கள். அதே இடத்தில்தான் ஸ்கூட்டர், பழைய பேப்பர் கட்டு, காலி பெயின்ட் டப்பா, இன்வெர்ட்டர் எல்லாம் இருக்கும். இப்போது மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடுவதும் அங்கேதான். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். லித்தியம் பேட்டரி பற்றினால் மனிதர்களுக்கே அவகாசம் இல்லை. பக்கத்தில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு எங்கிருந்து வரும்? வண்டி நிற்கும் இடத்தில் நாயைக் கட்டவே கூடாது. சார்ஜ் போடுவதும் விழித்திருக்கும் நேரத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, கொக்கி. சங்கிலியின் சுவர்ப் பக்க முனையைப் பாருங்கள். கம்பியில் இரண்டு சுற்று சுற்றி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கியோ, சின்னப் பூட்டுப் போட்டோ வைத்திருந்தால் இன்றே அதை எடுத்துவிடுங்கள். அழுத்தினால் திறக்கும் ஸ்பிரிங் கொக்கி ஒன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அது சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும். பீதியில் இருக்கும் நாயின் கழுத்தில் கை வைத்தால் வளர்த்தவரையே கடிக்கும். சுவர்ப் பக்கம் கழற்றினால் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம். மழையில் நனைந்து நனைந்து இந்தக் கொக்கியின் ஸ்பிரிங் துருவேறி இறுகிவிடும். மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கையால், பார்க்காமல் கழற்ற முடிகிறதா என்று வீட்டில் ஒவ்வொருவரும் செய்து பாருங்கள். பாட்டியால் முடியவில்லை என்றால் கொக்கியை மாற்றுங்கள்.

காம்பவுண்டு சுவர் இருக்கும் வீடாக இருந்தால் இரவிலாவது அவிழ்த்து விடுங்கள். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய்க்கு அது வேறு வகையிலும் பெரிய நிம்மதி.

பிராணிகளே தீப்பிடிக்கக் காரணமாகுமா?

ஆகும். தென்கொரியத் தலைநகர் சியோலில் 2019 ஜனவரி முதல் 2021 நவம்பர் வரை பூனைகளால் 107 தீ விபத்துகள் நடந்ததாக அந்நகரத் தீயணைப்புத் துறை எச்சரித்தது. தொட்டாலே வேலை செய்யும் மின்சார அடுப்பின் பட்டனைப் பூனைகள் காலால் மிதித்து இயக்கிவிட்டன. அவற்றில் பாதிக்கும் மேல் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நடந்தவை. நம் ஊரிலும் இப்போது இண்டக்‌ஷன் அடுப்பு பல வீடுகளில் இருக்கிறது. சமையல் முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். அடுப்பின் மேல் துணி, பிளாஸ்டிக் தட்டு எதையும் வைக்கக்கூடாது.

கேஸ் அடுப்பு என்றால், மேடையில் இருக்கும் மீன் குழம்பை எட்டிப் பார்க்கும் பெரிய நாய், முன்னங்காலால் திருகியைத் திருப்பிவிட முடியும். ரெகுலேட்டரை மூடும் பழக்கம் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

பல் முளைக்கும் நாய்க்குட்டியும் முயலும் வயரைக் கடிக்கும். வயரைப் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போடச் சொல்லுங்கள். கடிக்கும் குட்டி மின்சாரத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் அது உதவும்.

பூஜை விளக்கு, சாம்பிராணி, கொசுவர்த்தி?

மூன்றும் தரையில்தான் இருக்கின்றன, பிராணியின் வாலும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. லாப்ரடார் ஒன்று சந்தோஷத்தில் வாலை ஆட்டினால் அகல் விளக்கு உருண்டுவிடும். எண்ணெய் ஊறிய திரி திரைச்சீலை ஓரத்தில் போய் விழுந்தால் போதும். விளக்கு எரியும் வரை பூஜை அறைக் கதவைச் சாத்துங்கள், அல்லது விளக்கை உயரத்தில் வையுங்கள். கொசுவர்த்தியைச் செய்தித்தாள் மேலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்க வேண்டாம். பூனை படுத்திருக்கும் கோணிப்பை பக்கத்தில் இருந்தால் கங்கு ஒன்று விழுந்தே நாலு மணி நேரம் கழித்துப் பற்றும்.

கேஸ் கசிந்தால் பிராணிக்கு என்ன ஆபத்து?

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. புகை மேலே போகிறது என்றால் இது நேர் எதிராகத் தரையோடு படர்ந்து தேங்கும். நாம் நிற்கும் உயரத்தில் வாசனை தெரிவதற்கு முன்பே தரையில் படுத்திருக்கும் நாயைச் சுற்றி அது சேர்ந்திருக்கலாம். நாய் காரணமில்லாமல் எழுந்து சமையலறைப் பக்கம் மூக்கை நீட்டி அமைதியில்லாமல் அலைந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. கசிவு என்று தெரிந்தால் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிராணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பிறகு 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

வெளியே போகும்போது வீட்டில் தனியாக விட்டுப் போகிறோம். எப்படி விட்டுப் போவது?

வாசலுக்குப் பக்கத்து அறையில் விடுங்கள். கடைசி அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனால், உதவிக்கு வருபவர் வீடு முழுக்கப் புகையைக் கடந்து போக வேண்டியிருக்கும். கிரில் கேட்டுக்கு ஒரு பூட்டு, மரக்கதவுக்கு ஒரு பூட்டு என்று போடும் வீடுகளில் இரண்டு சாவியும் நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கட்டும். எந்தச் சாவி எதற்கு என்று நூல் கட்டி வைத்துக் கொடுங்கள்.

வாசலில் ஒரு சின்ன அட்டை ஒட்டலாம்: "இந்த வீட்டில் 1 நாய், 2 பூனை உள்ளன", கீழே உங்கள் செல்போன் எண். ஊருக்குப் போகும்போது பிராணியையும் கூட்டிக்கொண்டு போனால் அட்டையை எடுத்துவிடுங்கள். இல்லாத பூனையைத் தேடி யாரும் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது.

புகை அலாரம் வாங்கலாமா?

வாங்குங்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. கூரையில் மாட்டுங்கள். ஆனால் தாளிக்கும் புகைக்குக் கத்தாதபடி சமையலறைக்குள் வேண்டாம், அதற்கு வெளியே ஹாலில் இருக்கட்டும். ஒலியைக் கேட்டுப் பயந்து நாய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க, மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தி, வாசலில் நின்று அதற்குப் பிடித்த பிஸ்கட்டைக் கொடுங்கள். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வரும்.

தீப்பிடித்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

குழந்தைகளையும் வயதானவர்களையும் வெளியேற்றுங்கள். பிராணி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் தூக்குங்கள். பூனையை வெறுங்கையால் தூக்க முயன்றால் நகத்தால் கீறித் தப்பித்து மறுபடி உள்ளே ஓடும். பின்பக்கமாக வந்து ஒரு துண்டைப் போர்த்தி, துண்டோடு சேர்த்து அணைத்துத் தூக்கித் தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கையால் சேர்த்துப் பிடியுங்கள். மூச்சுவிடத் துணி இடம் கொடுக்கும், நகம் வெளியே வராது. கட்டிலில் எப்போதும் இருக்கும் பொருள் என்பதால் தேட வேண்டியதும் இல்லை.

பிராணி அந்த அறையில் இல்லை என்று தெரிந்தால், எரியும் அறையின் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். சாத்திய கதவு தீயும் புகையும் மற்ற அறைகளுக்குப் பரவுவதைத் தாமதப்படுத்தும். வேறு அறையில் ஒளிந்திருக்கும் பூனைக்கு அந்தத் தாமதம்தான் உயிர். வெளியே வந்ததும் 101 அல்லது 112.

அடுக்குமாடி என்றால் லிப்ட் வேண்டவே வேண்டாம். படிக்கட்டில் புகை நிறைந்திருந்தால் இறங்க முயலாமல், தெருவைப் பார்த்த அறைக்குள் பிராணியோடு போய், கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து, ஜன்னலில் நின்று குரல் கொடுங்கள்.

நாய் உள்ளே மாட்டிக்கொண்டது. நானே போய்க் கொண்டுவரலாமா?

கூடாது. இதை எழுதும்போது எவ்வளவு கடினம் என்று தெரிகிறது. உள்ளே அது குரைக்கும் சத்தம் கேட்கும்போது வெளியே நிற்பது தாங்கமுடியாத வேதனைதான். ஆனால் புகை நிறைந்த வீட்டுக்குள் திரும்பப் போனவர் சில மூச்சுகளில் தடுமாறி விழுந்துவிடுவார். பிறகு தீயணைப்பு வீரர்கள் முதலில் உங்களைத்தான் தேட வேண்டும். நாய்க்குக் கிடைத்திருக்க வேண்டிய நிமிடங்கள் உங்களுக்குச் செலவாகும்.

வெளியிலிருந்து செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தீ இல்லாத பக்கத்து வெளிக்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வழக்கமாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிடுங்கள். அலறினால் இன்னும் பயப்படும். வண்டி வந்ததும் வீரர்களிடம் நாலே விஷயம் சொல்லுங்கள்: என்ன பிராணி, எந்த அறை, எங்கே ஒளியும், கட்டியிருக்கிறதா அவிழ்த்திருக்கிறதா. சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு போகும் அவர்களுக்கு "நாய் உள்ளே இருக்கிறது" என்பதைவிட "பின்னறை, கட்டிலுக்கு அடியில், கடிக்கும்" என்பது பல மடங்கு உபயோகம்.

மாட்டுக் கொட்டகைக்கு என்ன செய்வது?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் இழப்பு இங்கேதான் அதிகம் வலிக்கும். ஒரு கறவை மாடு போனால் அந்த வீட்டின் வருமானமே போய்விடுகிறது.

கீற்றுக் கொட்டகையில் தீப்பிடிக்க வழக்கமான காரணம், கொசுவுக்குப் போடும் மூட்டம். வேப்பிலையும் காய்ந்த சருகும் போட்டுப் புகைய விட்டுத் தூங்கப் போகிறோம். நடுராத்திரி காற்று அடித்தால் கங்கு கிளம்பிக் கூரையில் உட்காரும். மூட்டத்தைக் கொட்டகைக்கு வெளியே, காற்று வரும் திசையில், பழைய இரும்புச் சட்டியில் போட்டு, படுக்கும் முன் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுங்கள். வைக்கோல்போர் கொட்டகையை ஒட்டி இருக்கக்கூடாது. ஈரத்தோடு போர் போட்ட வைக்கோல் உள்ளே நொதித்துச் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்வதும் உண்டு.

கயிறு விஷயத்தில் கவனம் தேவை. நைலான் கயிறு தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், முடிச்சும் இறுகிவிடும். பருத்தி அல்லது தேங்காய் நார்க் கயிறு நல்லது. முளையில் போடும் முடிச்சு, தொங்கும் முனையை ஒரே இழுப்பில் அவிழ்க்கக்கூடியதாக இருக்கட்டும். மூக்கணாங்கயிற்றை முளையில் கட்ட வேண்டாம், பீதியில் இழுத்தால் மூக்கு கிழிந்துவிடும். கொட்டகைக்கு வெளியே, கதவுப் பக்கத்துத் தூணில் ஓர் அரிவாள் எப்போதும் தொங்கட்டும். முடிச்சோடு போராடுவதைவிட அறுத்துவிடுவது சீக்கிரம்.

தீப்பிடித்த கொட்டகையிலிருந்து மாடு வெளியே வர மறுக்கும், வந்தாலும் பழகிய இடத்துக்கே திரும்பி ஓடும். வாசலுக்கு அருகில் உள்ள மாட்டை முதலில் அவிழ்த்து ஓட்டுங்கள். மற்றவை அதன் பின்னால் வரும். நகராத மாட்டுக்கு நனைத்த சாக்கால் கண்ணை மூடி இழுத்துப் பாருங்கள். வெளியே வந்தவற்றைத் தூரத்தில் வேறு மரத்தில் கட்டிவிடுங்கள், அல்லது படலைச் சாத்துங்கள். கூரை எரிந்து விழ ஆரம்பித்தால் யாரும் உள்ளே இருக்கக்கூடாது.

கோழிக்குஞ்சுகளுக்கு பல்பு எரிய விடுகிறோமே?

வயரைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். பல்பு கழன்று உமியிலோ கடலைத்தோலிலோ விழுந்தால் சில நிமிடங்களில் பற்றும். கம்பியால் தனியாகக் கட்டி, அது அறுந்தாலும் தாங்க இன்னொரு கட்டும் போடுங்கள். பல்பைச் சுற்றி வலை இருக்கட்டும்.

லவ் பேர்ட்ஸ், மீன் தொட்டிக்கு?

பறவைகளுக்குப் புகை மிக விரைவில் விஷமாகும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டுபிடிக்க 1986 வரை கேனரிக் குருவிகளைக் கொண்டுபோனது அதனால்தான். தீயே தேவையில்லை, நான்ஸ்டிக் தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் காயவிட்டு மறந்தால், அதன் பூச்சு அளவுக்கு மீறிச் சூடாகி வரும் ஆவியே கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும். கூண்டு சமையலறைப் பக்கம் வேண்டாம். கூண்டைக் கம்பி போட்டு ஆணியில் முறுக்காமல் கொக்கியில் மாட்டினால் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடலாம். (பச்சைக்கிளி வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரை அணையுங்கள். வெளியே வந்த ஹீட்டர் காய்ந்து வெடிக்கும். வயர் சுவர் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி மேலேறட்டும். வழியும் தண்ணீர் பிளக்கிற்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

தீக்காயத்துக்கு என்ன போடுவது?

குழாய்த் தண்ணீர், 10 முதல் 20 நிமிடம் வரை. ஐஸ் கூடாது. இங்க், டூத்பேஸ்ட், மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது. மனிதர்களுக்கே ஆகாதவை இவை. பிராணி அதை நக்கி வயிற்றுக்குள்ளும் அனுப்பிவிடும். சின்னப் பூனைக்குட்டி என்றால் காயத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைத் துணியால் சுற்றிக் குளிராமல் பாருங்கள். முடிக்கு அடியில் வெந்திருப்பது வெளியே தெரியாது. முடியை விலக்கிப் பாருங்கள், உள்ளங்கால்களையும் பாருங்கள். பிறகு சுத்தமான ஈரத்துணி போர்த்தி மருத்துவரிடம்.

வலி என்று நம் வீட்டுப் பாரசிட்டமாலைக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது உயிர்க்கொல்லி, ஒரே மாத்திரை போதும்.

அடிபட்ட நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போங்கள். வளர்ப்பு நாய்தானே என்று விட வேண்டாம்.

புகையில் இருந்து வந்த நாய் நன்றாகத்தான் இருக்கிறது. மருத்துவரிடம் போக வேண்டுமா?

கட்டாயம். புகை சுட்ட நுரையீரலில் நீர் கோர்ப்பது ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடத் தெரியவரும். மூக்கைச் சுற்றிக் கரி, இருமல், கழுத்தை நீட்டி மூச்சுவிடுதல், தள்ளாட்டம் இருந்தால் உடனே போங்கள். ஈறு ரத்தச் சிவப்பாக இருந்தால் ஆரோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதற்கு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். சென்னையில் வேப்பேரி, மற்றும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிப் பெரிய மருத்துவமனைகள் உள்ளன. கிராமத்தில் ஆடு மாடுகளுக்கு 1962-ஐ அழைக்கலாம்.

மூச்சே இல்லை என்றால், நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மார்பு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 முறை அழுத்துங்கள். பிறகு வாயை மூடிப் பிடித்து மூக்கின் வழியாக 2 முறை ஊதுங்கள். மருத்துவமனை போகும் வழியிலும் இதைத் தொடருங்கள். பூனைக்கு ஒரு கையால் மார்பைச் சுற்றிப் பிடித்து அழுத்தினால் போதும்.

தீ அணைந்துவிட்டது, பூனையைக் காணோம். எங்கே தேடுவது?

முதலில் வீட்டுக்குள்ளேயே, தீயணைப்புத் துறையினர் உள்ளே போகலாம் என்று சொன்ன பிறகு. பீரோவை நகர்த்துங்கள், வாஷிங் மெஷினுக்குள் பாருங்கள், பரணை டார்ச் அடித்துப் பாருங்கள். மயங்கிக் கிடந்த பூனை உயிரோடு கிடைப்பது உண்டு. வெளியே ஓடியிருந்தால் பகலில் கண்ணில் படாது. தெரு அடங்கிய பிறகு, இரவு 11 மணிக்கு மேல், அதன் படுக்கைத் துணியையும் கருவாட்டையும் காம்பவுண்டு ஓரத்தில் வைத்துவிட்டு மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டு நடங்கள். நின்றிருக்கும் கார்களுக்கு அடியிலும், பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழும் பாருங்கள். கிடைத்ததும் கரியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், அது நக்கிச் சுத்தம் செய்வதற்கு முன். உடைந்த கண்ணாடி கிடக்கும் வீட்டுக்குள் தரையைப் பெருக்கித் துடைக்கும் வரை விடாதீர்கள்.